120 கிலோ மாவுக் கடை: இதோடு நிறுத்தலாமா, சூப்பர் மார்க்கெட் ஆர்டரை எடுக்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். பொதுவாகப் பேசினால் ஆளுக்கொரு திசையில் போய்விடும் என்பதால் ஒரே ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மதுரைத் தெருமுனையில் இட்லி மாவுக் கடை. தினம் 120 கிலோ, கிலோ 60 ரூபாய். 20 லிட்டர் டில்டிங் கிரைண்டர் (சாய்த்து மாவை எடுப்பது) இரண்டு. கடைக்காரத் தம்பதி இருவர், ஆளுக்கு நாளுக்கு 600 ரூபாய் சம்பளத்தில் வேலைக்கு இருவர். செவ்வாய் விடுமுறை, அதற்கும் சம்பளம் உண்டு. விற்பனை மாலை 4 முதல் 8 வரை மட்டும்.

இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட் தினம் 180 கிலோ கேட்கிறது. கிலோவுக்கு 46 ரூபாய், பணம் 45 நாள் கழித்து, விற்காதது திரும்பி வரும், வாரம் 7 நாளும் காலை 6 மணிக்குள் சரக்கு இறங்க வேண்டும். எடுக்கலாமா? விலையெல்லாம் பேச வசதியாகத் தோராயமாக வைத்தது. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

பேரேடு:
தயங்கவே கூடாது, எடுக்க வேண்டும். 120 கிலோவிலேயே நிற்கிற கடை உண்மையில் நிற்பதில்லை, தேய்கிறது. வாடகை ஏறும், கரண்ட் ஏறும், உளுந்து ஒரே மாதத்தில் கிலோவுக்கு 30 ரூபாய் ஏறும். நமக்கு இறக்குமதி உளுந்து பெரும்பாலும் மியான்மரிலிருந்து வருகிறது. அங்கே ஏதாவது ஆனால் மதுரைக் கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடைகளில் விலை மாறும். பெங்களூருவில் 2005-இல் சின்னச் சமையலறையில் தொடங்கியதுதான் ஐடி ஃப்ரெஷ் என்ற பாக்கெட் மாவு நிறுவனம். அவர்களும் 'போதும்' என்று உட்கார்ந்திருந்தால்?

ஆட்டுக்கல்:
ஐடி ஃப்ரெஷ் வளர்ந்தது முதலீட்டு நிறுவனங்களின் பணத்தில். இந்தக் கடைக்கு வருவது 45 நாள் கடன். இரண்டையும் ஒப்பிட வேண்டாம், அண்ணே. கணக்கைப் பார்ப்போம்.

120 கிலோ மாவுக்கு இட்லி அரிசி 40 கிலோ, உளுந்து 10 கிலோ. அரிசி 44 ரூபாய், உளுந்து 125 என்று வைத்தால் 3,010. வெந்தயம், உப்பு 50. ஆக 3,060, அதாவது கிலோவுக்கு 25 ரூபாய் 50 காசு. கவர் 180, கரண்ட் 200, வாடகை நாளுக்கு 385, விடுமுறைச் சம்பளமும் சேர்த்துக் கூலி 1,400, சேதாரம் 200. விற்பனை 7,200-இல் இதெல்லாம் போக 1,775 நிற்கும். 26 நாளுக்கு 46,150.

இனி அந்த 180 கிலோ. வரவு 8,280. அரிசி உளுந்து 4,590. அச்சடித்த கவர் 3 ரூபாய் வீதம் 540. காலை 6 மணிக்குச் சரக்கு போக வேண்டுமென்றால் ராத்திரி அரைக்க வேண்டும், அதற்கு 700 ரூபாய் சம்பளத்தில் இருவர், விடுமுறைச் சம்பளத்தோடு 1,633. வண்டி 450, கரண்ட் 350. திரும்பி வருவது 8 சதவீதம் என்றால் 660. மிச்சம் 57 ரூபாய். 180 கிலோ அரைத்து 57 ரூபாய்!

திரும்பி வருவது ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். மாவு 4 டிகிரியில் இருக்கிறவரைதான் அடங்கியிருக்கும். கடையில் ராத்திரி பிரிட்ஜை அணைத்துவிட்டுப் போனாலோ, இறக்கிய கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) மதியம் வரை வாசலில் கிடந்தாலோ பாக்கெட் உப்பிவிடும். தப்பு யாருடையது என்று பாக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பில்லில் கழிவது நம் பக்கம்தான்.

பேரேடு:
கணக்கு சரி, ஆனால் பாதிக் கணக்கு. 50 கிலோ வாங்குகிறவனுக்கும் 125 கிலோ வாங்குகிறவனுக்கும் ஒரே விலையா? நேரே ஆலையில் மூட்டையாக எடுத்தால் மாவுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் குறையும். அந்த லாபம் பழைய 120 கிலோவுக்கும் சேரும். 300 கிலோவுக்கு 600 ரூபாய். உங்கள் 57-ஐயும் சேர்த்தால் 657. மாதம் 30 நாளும் சப்ளை என்பதால் கிட்டத்தட்ட 19,700. (பழைய 120 கிலோவுக்குச் செவ்வாய் லீவு போக 26 நாள்தான் என்றால் ஆயிரம் ரூபாய் குறையும், அவ்வளவுதான்.) சும்மா வருகிற பணமா இது?

45 நாள் கடனுக்கும் பயப்பட வேண்டாம். உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தராத தொகையை வாங்குகிறவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்று 2023-இல் வருமான வரிச் சட்டத்திலும் 43பி(எச்) சேர்த்தார்கள்.

ஆட்டுக்கல்:
சட்டம் நல்ல சட்டம், மறுக்கவில்லை. ஆனால் 45-ஆவது நாள் சொன்னபடி பணம் வந்தாலும் அதுவரை வெளியே நிற்பது 8,280 × 45, அதாவது 3,72,600. உளுந்துக் கடைக்காரர் 45 நாள் பொறுப்பாரா? அங்கே ரொக்கம். கிரைண்டர் இன்னும் இரண்டு, குளிரறை, கிரேட் எல்லாம் சேர்த்து 4 லட்சம் கடன் வாங்கினால் 11 சதவீத வட்டியில் 36 மாதத் தவணை 13,100 பக்கம். உங்கள் 19,700-இல் அது போனால் 6,600. இந்த 6,600-க்காக ஒரு குடும்பம் ராத்திரித் தூக்கத்தையும் செவ்வாய்க்கிழமையையும் கொடுக்கிறது.

கறுப்புப்பேனா:
இருவரும் ஜி.எஸ்.டி.யை விட்டுவிட்டீர்கள். இப்போதைய விற்பனை ஆண்டுக்கு சுமார் 22.5 லட்சம். சரக்கு விற்பவருக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. புது ஆர்டர் மட்டுமே 30 லட்சம் வரும், மொத்தம் 52 லட்சத்தைத் தாண்டும். பதிவு கட்டாயம். இட்லி மாவுக்கு 5 சதவீதம். 1 சதவீதம் மட்டும் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் போகலாமே என்றால், அதில் வாங்குகிறவருக்கு வரிக் கழிவு (வாங்கும்போது கட்டிய வரியைத் தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காது, பெரிய கடைகள் விரும்பமாட்டார்கள்.

ஆக, தெருமுனையில் விற்கிற 60 ரூபாய் மாவுக்கும் வரி வரும். விலையை ஏற்றாமல் நீங்களே சுமந்தால் நாளுக்கு 343 ரூபாய், மாதம் 8,900. மேலே சொன்ன 6,600 அங்கேயே கரைந்துவிட்டது. வாங்குகிற அரிசியில் வரிக் கழிவு கிடைக்குமே என்று எண்ண வேண்டாம். 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு வரியே இல்லை. 2022-க்குப் பிறகு 26 கிலோ மூட்டை வந்ததே அதனால்தான்.

இன்னொன்று. இப்போது ஆள் குறைவு. இப்படியே கூட்டிக்கொண்டு போய் 10 பேர் ஆனால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு வரும், முதலாளி பங்கு 3.25 சதவீதம். அது வேலையாளுக்கு நல்லது, வர வேண்டியதும்கூட. ஆனால் கிலோ 46 ரூபாய் விலைக்குள் அந்தச் செலவுக்கு இடம் வைத்தீர்களா என்பதுதான் கேள்வி.

பேரேடு:
வரியை நான் சேர்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இந்த விலையில் இந்த ஆர்டர் வேண்டாம். ஆனால் அதனால் 'வளரவே வேண்டாம்' என்று ஆகிவிடாது. குடும்பத்தின் தூக்கம், செவ்வாய் லீவு என்கிறீர்களே, வேலைக்கு இருக்கிற அந்த இருவரின் நலம்? வருஷம் 8 சதவீதம் சம்பளம் ஏற்றினால் 600 ரூபாய் ஐந்து வருஷத்தில் 880 ஆகும். கடை அதே 120 கிலோவில் நின்றால் அது எங்கிருந்து வரும்? சம்பளத்தை ஏற்றாமல் வைத்துக்கொண்டு செவ்வாய் லீவு கொடுத்தேன் என்பது நியாயமில்லை.

ஆட்டுக்கல்:
இந்தத் திரியில் வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான். 'போதும்' என்பவர்களில் பலர் இதில்தான் தவறுகிறார்கள். கிலோவை நிறுத்துகிறேன் என்று விலையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியது கிலோவை மட்டும்.

600-இலிருந்து 880 என்றால் இருவருக்கும் விடுமுறைச் சம்பளத்தோடு நாளுக்கு 653 ரூபாய் கூடும். 120 கிலோவில் பிரித்தால் கிலோவுக்கு ஐந்தரை ரூபாய், அதுவும் ஐந்து வருஷத்தில். வருஷம் ஒரு ரூபாய் சொச்சம். இதை வாடிக்கையாளர் தருவார், ஆனால் முறையாகச் சொல்லிக் கேட்க வேண்டும். வருஷத்தில் இரண்டே தேதி, தை முதல் தேதியும் ஆடி முதல் தேதியும் என்று போர்டில் எழுதிவிடுங்கள். உளுந்து ஏறும்போதெல்லாம் 2 ரூபாய் ஏற்றி, இறங்கும்போது மறந்துவிடுகிற கடையில்தான் சண்டை வரும்.

எதிர்த் தெருவில் ஒருவர் 50 ரூபாய்க்குப் போட்டால்? பெரும்பாலும் அங்கே குறைவது உளுந்து, கூடுவது தண்ணீர். அந்த மாவில் தோசை வரும், இட்லி தட்டையாகத்தான் வரும். அவரோடு விலையில் மோத வேண்டாம், இட்லியில் மோதுங்கள். அகல உழுவதை விட ஆழ உழு என்பது இந்தத் தொழிலுக்கு அப்படியே பொருந்தும்.

ஆழ உழுவது என்றால் என்ன? கல்லைக் கவனிப்பது. கல் மழுங்கினால் 30 நிமிஷத்தில் அரைவது 45 நிமிஷம் ஆகும். அந்தக் கால் மணி நேரம் மாவைச் சூடாக்கும். சூடேறினால் உளுந்து மாவு காணாது, பொங்காமல் அமுங்கிப் போகும். அதே 10 கிலோ உளுந்தில் கிடைக்க வேண்டிய மாவு குறையும். மோட்டாரும் ஆளும் கூடுதலாக உழைத்து, கைக்கு வருவது குறைவு. ஆகவே அரைக்கும் நேரத்தைச் சுவரில் குறித்து வையுங்கள். 35 நிமிஷத்தைத் தாண்டத் தொடங்கினால் கல் கொத்துகிறவரைக் கூப்பிட வேண்டும். கோடையில் உளுந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊற விடாதீர்கள், ஐஸ் தண்ணீர் தெளித்து அரையுங்கள்.

நாளும் தானே ஒழுங்குக்கு வரும். 7 மணிக்கு அரிசி ஊறும், 10 மணிக்கு உளுந்து. 11 மணிக்கு முதலில் உளுந்து, பிறகு அரிசி. ஒரு தடவைக்கு 13, 14 கிலோ வீதம் இரண்டு கிரைண்டரில் 9 தடவை. 2 மணிக்குள் முடிந்து, கழுவி, 3 மணிக்குப் பாக்கெட். இடையில் யாரும் ஓட வேண்டியதில்லை. ஈரத் தரையில் ஓடினால் என்ன ஆகும் என்று மாவுக் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டாம்.

கறுப்புப்பேனா:
ஓட்டத்தோடு நாள் முழுதும் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் வேலை பார்ப்பவருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்தினார்கள். பாக்கெட் போடுகிற மேஜை உயரத்துக்கு ஏற்ற ஸ்டூல் இரண்டு போதும். காலுக்கு ரப்பர் பூட்ஸ், இல்லாவிட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து அது ஆறவே ஆறாது. ஊறிய அரிசியை 25 கிலோ டிரம்மில் தூக்காமல் 10 கிலோ வாளியில் கொண்டுபோக வேண்டும். நலம் என்பது இதில்தான் தொடங்குகிறது.

சிறுதானியன்:
கிலோவைக் கூட்டாமல் கிலோவுக்கு வருகிற பணத்தைக் கூட்டலாமே? கேழ்வரகு மாவு, கம்பு மாவு, அடை மாவு எல்லாம் 80, 90 ரூபாய்க்குப் போகும்.

ஆட்டுக்கல்:
ஒன்று சேர்க்கலாம், நான்கு வேண்டாம். ஒவ்வொரு வகைக்கும் நடுவில் கிரைண்டரைக் கழுவ 15 நிமிஷம் போகும். அடைக்கு மிளகாய் போட்டு அரைத்த கல்லில் அடுத்து இட்லி மாவு அரைத்தால் வாசனை ஒட்டும். எட்டுக் கிலோ, ஐந்து கிலோ என்று சின்னச் சின்னதாக அரைத்தால் மிஞ்சுவதும் ஒவ்வொன்றிலும் மிஞ்சும். கடைசியில் அரைப்பது அடையாக இருக்கட்டும், அதோடு கழுவி முடிக்கலாம். இட்லிப் பொடி இதைவிடச் சுலபம், புளிக்காது, அன்றே விற்க வேண்டிய அவசரமும் இல்லை.

பேரேடு:
எல்லாம் சரி. எனக்கு உறுத்துவது வேறு. கடையில் இப்போது மாதம் நிற்கிற அந்த 46,150 இரண்டு பேருடைய உழைப்புக்கு. ஆளுக்கு 23,000. பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது. ஒருவர் பத்து நாள் படுத்துவிட்டால் கடை என்ன ஆகும்? மோட்டார் எரிந்தால்? சின்னக் கடை நிம்மதி என்று சொல்லும்போது அந்த நிம்மதி எவ்வளவு மெல்லிய இழையில் நிற்கிறது என்பதையும் சொல்லுங்கள். ஆழ உழவும் நல்ல மாடு வேண்டும்.

ஆட்டுக்கல்:
உண்மைதான், அதை ஒளிக்கக் கூடாது. மாதம் 5,000 தனிக் கணக்கில் ஒதுக்காத கடையை நிம்மதியான கடை என்று நான் சொல்லமாட்டேன். முதல் இலக்கு மூன்று மாத வாடகையும் கூலியும், அதாவது சுமார் 1,40,000. மாதம் 5,000 என்றால் 28 மாதம் ஆகும், நீண்ட காலம்தான். பெல்ட்டும் கெபாசிட்டரும் கடையிலேயே உபரியாக இருக்க வேண்டும், மோட்டாருக்கு ஆள் வருகிறவரை ஒரு கிரைண்டரில் 60 கிலோ ஓடும். மூன்றாவதாக ஒருவருக்கு வாரம் இரண்டு அரை நாள் வேலை கொடுத்துப் பழக்கி வையுங்கள். யாராவது படுக்கும்போது புதிதாக ஆள் தேடினால் கிடைப்பவருக்கு உளுந்தின் பதம் தெரியாது.

வருமானம் போதவில்லை என்றால் அந்த ஆர்டரை அளவோடு வாங்கலாம். 180 வேண்டாம், 40 கிலோ. விலை 50, வாரம் 6 நாள், மறுநாள் பணம், திருப்பி எடுப்பதில்லை, மாலை 3 மணிக்கு டெலிவரி. வரவு 2,000. அரிசி உளுந்து 1,020, கவர் 120, கரண்ட் 40, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லுக்குப் பெட்ரோல் 60. வேலை ஒரு மணி நேரம் நீளும், அதற்கு இருவருக்கும் இரட்டைக் கூலி 300. மிச்சம் 460. 26 நாளுக்குக் கிட்டத்தட்ட 12,000. புதுக் கிரைண்டர் இல்லை, கடன் இல்லை, ராத்திரி வேலை இல்லை. ஆண்டு விற்பனை 28.7 லட்சம்தான், 40-க்குள் நிற்கிறது.

வைகைக்கரை:
180-ஐ விட 40-இல் அதிகம் நிற்கிறதா! திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.

பேரேடு:
இந்த 40 கிலோவுக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் அந்தக் கடை மேனேஜர் முதலில் கேட்கப்போவது 'செவ்வாய்க்கு அலமாரி காலியாக இருக்குமே' என்றுதான். மறுநாள் பணம், திருப்பி எடுப்பதில்லை, இரண்டையும் ஒத்துக்கொண்டாலும் காலி அலமாரியை ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஆட்டுக்கல்:
திங்கள் 40-க்குப் பதில் 55 கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம். 4 டிகிரியில் வைத்தால் செவ்வாய் மாலை வரை தாங்கும். அன்று சாயங்காலம் அலமாரி காலியானால் ஆகட்டும். அமாவாசை செவ்வாயில் விழுந்தால் ராத்திரிப் பலகாரத்துக்கு மாவு தேடுவார்கள். அந்த வாரம் மட்டும் லீவைப் புதனுக்கு மாற்றி, மாதத் தொடக்கத்திலேயே வேலையாட்களிடமும் மேனேஜரிடமும் தேதியைச் சொல்லிவிடுங்கள். இதற்கும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த 40 கிலோவை இரண்டு மளிகைக் கடைகளுக்கு 20, 20 ஆகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். ஞாயிறு மதியத்தோடு மூடுகிற மளிகைக் கடைக்காரருக்குச் செவ்வாய் லீவு புதிதாகத் தெரியாது.