ஏழு இருக்கை டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி வாங்கி 4 மாதம் ஆகிறது. நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லை, ஓட்டவே ஆசையாக இருக்கிறது. சிக்கல் அன்றாட ஓட்டத்தில்தான்.

தினமும் 5 கிலோமீட்டருக்குள்தான் போய் வருகிறேன். அதற்குள் இரண்டு முறை டிபிஎஃப் (டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு எரிந்துவிட்டது. குறைந்த தூரம் ஓடினால் புகைக்குழாய் போதிய அளவு சூடாகாது, வடிகட்டியில் சேரும் கரி எரியாமல் தங்கிவிடும் என்பது புரிகிறது. இரண்டு முறையும் நெடுஞ்சாலையில் 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டிய பிறகுதான் அணைந்தது. வாரம் ஒருமுறை இப்படி ஓட்டினால் விளக்கு வராமலே இருக்குமா? என்னைப் போலக் குறைந்த தூரம் ஓட்டுபவர்கள் என்ன செய்கிறீர்கள்?

அப்புறம் அம்மா விஷயம். இதுதான் எனக்குப் பெரிய கவலை. நடு வரிசையில் இரண்டு பக்கமும் ஐசோஃபிக்ஸில் (வண்டி இருக்கையோடு வரும் கொக்கி) குழந்தை இருக்கை மாட்டியிருக்கிறோம். அதைக் கழற்றாமல் நடு இருக்கையை மடக்க முடியவில்லை. கழற்றி வழி விட்டாலும், மூன்றாம் வரிசைக்கு ஏற அம்மாவின் முழங்கால் இடம் கொடுப்பதில்லை. இப்போதைக்கு அம்மா முன்னால், மனைவி பின்னால். நீண்ட பயணத்தில் மனைவிக்கு அங்கே கால் நீட்டவே முடியவில்லை.

உங்கள் வீட்டில் யாரை எங்கே உட்காரவைக்கிறீர்கள்? பக்கவாட்டில் படி மாட்டியது பெரியவர்களுக்கு உண்மையிலேயே உதவியதா? மாட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.