கிறிஸ்துமஸ் என்று டிசம்பர் முழுக்கத் துணிக்கும் பலகாரத்துக்குமே போய்விடுகிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

நாகர்கோவில்_அம்மா:
எங்கள் வீட்டில் டிசம்பர் என்றால் துணி எடுப்பது, தையல்காரர் பின்னால் அலைவது, அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, ஸ்டார் கட்டுவது, வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வந்தால் காணிக்கைக் கவர், அப்புறம் 25ஆம் தேதி அதிகாலை ஆராதனையில் பாதித் தூக்கம். இது யாருடைய பிறந்தநாள் என்று சின்னவனிடம் கேட்டால் கிறிஸ்துமஸ் தாத்தாவுடையது என்கிறான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, கேரல் வண்டியில் தாத்தாவுக்குத்தானே முன் சீட். எதையும் நிறுத்தும் எண்ணமில்லை. வேலைக்குப் போகிறவர்களால் முடிகிற மாதிரி, வேதமும் ஜெபமும் வீட்டில் நடுவாக வர என்ன வழி?

பாளை_ஜெபா:
பைபிளில் இயேசுவின் கதையைச் சொல்லும் லூக்கா சுவிசேஷம் அக்கா. மொத்தம் 24 அதிகாரம், டிசம்பர் 1 முதல் 24 வரை ராச்சாப்பாட்டுக்கு முன்னால் நாளுக்கு ஒன்று. முதல் அதிகாரமே 80 வசனம், பிள்ளைகள் நெளிவார்கள், அதனால் அன்று மட்டும் காலையில் யோவானின் அப்பா சகரியா, ராத்திரி இயேசுவின் அம்மா மரியாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 24ஆம் தேதி இயேசு உயிர்த்தெழுந்ததும், எம்மாவு ஊருக்குப் போகிற வழியில் சீஷர்களோடு நடந்ததும் வரும். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி இது என்னடா என்று தோன்றும், ஆனால் எனக்குப் பிடித்ததே அதுதான். அந்தப் பிள்ளை எதற்காக வந்தது என்பது வரை வாசித்துவிட்டு மறுநாள் அது பிறந்து கிடத்தப்பட்ட முன்னணைக்குத் திரும்புகிறோம்.

தூத்துக்குடி_கடலோரம்:
நாங்கள் கத்தோலிக்கர். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கியதும் இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் குடிலை வைத்துவிடுவோம், பாலன் இயேசு மட்டும் அலமாரியில் இருப்பார். பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் தொட்டிலில் ஒரு வைக்கோல். 24 நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து வீட்டில் கடைக்குட்டிதான் பாலனை வைக்க வேண்டும், அதற்குப் பெரிய சண்டையே நடக்கும்! 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி வைக்கோல் போட்டது மக்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான். இப்போது சீரியல் லைட்டுக்குள் குடிலையே தேட வேண்டியிருக்கிறது. இன்னொன்று, 26ஆம் தேதியே கழற்றிவிடாதீர்கள். பாலனைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பொம்மைகளைத் தூரத்தில் வைத்துத் தினம் கொஞ்சம் நகர்த்தினால் அவர்கள் திருநாளான ஜனவரி 6 வரை பிள்ளைகள் விட மாட்டார்கள்.

மார்த்தாண்டம்காரன்:
தாத்தாவை விரட்ட வேண்டாம், அவர் யாரென்று சொல்லிக்கொடுங்கள். இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா ஊரின் ஆயர் நிக்கோலாஸ், 4ஆம் நூற்றாண்டு, திருநாள் டிசம்பர் 6. கல்யாணச் சீருக்கு வழியில்லாத மூன்று பெண்கள் வீட்டில் ராத்திரியில் பொன்முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய பழைய கதை. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அச்சுமுறுக்கு:
பலகாரத்தைக் குறை சொல்லாதீங்கப்பா. தீபாவளிக்குத் தட்டு கொடுத்த பக்கத்து வீட்டுக்கும் ரம்ஜானுக்குப் பிரியாணி கொடுத்த வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பதும் பண்டிகைதான். கடன் வாங்கி எல்லாருக்கும் ரெண்டு செட் எடுப்பதுதான் எனக்கு ஆகாது. ஒரு செட் போதும், அந்தக் காசில் வெளியே ஒரு பிள்ளைக்கு எடுங்கள், உங்கள் பையனையே கலர் பார்க்கச் சொல்லுங்கள்.

நாகர்கோவில்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. லூக்காவும் வைக்கோலும் இந்த வருஷம். கேரல் வருகிற ராத்திரி வாசிப்பு விட்டுப்போனால்?

பாளை_ஜெபா:
விட்டது விட்டதுதான், மறுநாள் அன்றைய அதிகாரத்துக்குப் போய்விடுங்கள். சேர்த்து வாசிக்க ஆரம்பித்தால் ரெண்டாம் வாரமே பைபிள் அலமாரிக்குப் போய்விடும்.