புதுப்பிப்பு: லண்டன், பாரிஸ் பஸ், மெட்ரோவில் வாண்டுகளோடு

இரண்டு சின்னப் பிள்ளைகளோடு லண்டனிலும் பாரிஸிலும் டாக்ஸி இல்லாமல் சுற்ற முடியுமா, ஸ்ட்ரோலர் (பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி) எடுத்துப்போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. முடியும், ஆனால் ஊருக்கு ஊர் கதை வேறு.

லண்டனில் பஸ்தான் சுகம். ஸ்ட்ரோலரை மடக்காமலே ஏற்றி, சக்கர நாற்காலிக்கான இடத்தில் நிறுத்தலாம். சக்கர நாற்காலியில் யாராவது ஏறினால் அந்த இடம் அவருக்குத்தான். அப்போது நாம் வண்டியை மடக்க வேண்டும்; ஓடும் பஸ்ஸில் ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் வண்டி! கைப்பிடியில் கனமான பையை மாட்டியிருந்தால், பிள்ளையைத் தூக்கிய மறுநொடி வண்டி மல்லாந்துவிடும். பையை முதுகில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே கையால் மடக்க முடிகிற வண்டி என்றால் பாதி கவலை தீர்ந்தது.

லண்டனில் ரயில் என்றால் எலிசபெத் லைன் என்ற பாதைதான் வசதி. எல்லா நிலையத்திலும் லிஃப்ட் அல்லது சாய்தளம் உண்டு. பழைய டியூப் (லண்டன் சுரங்க ரயில்) நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டுதான்.

பாரிஸ் மெட்ரோ இன்னும் மோசம், படி ஏறி இறங்கியே இடுப்பு போய்விடும். 14ஆம் லைன் மட்டும் விதிவிலக்கு. மற்றபடி அங்கேயும் பஸ்தான். சின்னவனைத் துணித்தூளியில் மார்போடு கட்டிக்கொள்ளச் சொன்னவருக்குக் கோடி நன்றி.

டிக்கெட் பற்றிக் கேட்டவர்களுக்கு: பாரிஸில் 4 வயதுக்குள் இலவசம். லண்டன் டியூபிலும் பஸ்ஸிலும் பெரியவர் கூட வந்தால் 11 வயதுக்குள் இலவசம்.