ஸ்லோ குக்கர் பாட் ரோஸ்ட்: இறைச்சி நாராகிவிட்டது, உருளைக்கிழங்கு பசையாகிவிட்டது. எங்கே தப்பு?

நாஞ்சில்_ஒஹாயோ:

வணக்கம். ஒஹாயோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஊர் நாகர்கோவில் பக்கம். வீட்டில் மாட்டிறைச்சி சாதாரணமாகச் சமைப்போம், அதனால் இறைச்சி எனக்குப் புதிதில்லை. இந்த ஊர்ச் சமையல்தான் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

நாங்கள் குடிவந்த வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய பாட் ரோஸ்ட்டும் (முழுத் துண்டு மாட்டிறைச்சியை மணிக்கணக்கில் மெதுவாக வேகவைப்பது) மசித்த உருளைக்கிழங்கும் கொண்டுவந்து கொடுத்தார். கரண்டி பட்டதும் இறைச்சி இழை இழையாகப் பிரிந்தது. அந்தப் பாத்திரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. அம்மா வேறு போன் செய்யும்போதெல்லாம் "கொடுத்தாச்சா?" என்கிறார். சரி, அதையே செய்து கொடுப்போம் என்று ஒரு ஸ்லோ குக்கர் (மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) வாங்கி நேற்று முதல் தடவை இறங்கினேன்.

இரண்டரை பவுண்டு இறைச்சி, முழுத் துண்டு. உப்பும் மிளகும் தடவிக் குக்கரில் வைத்து, மேலே கேரட், வெங்காயம், இரண்டு தக்காளி போட்டு, நாலு கப் தண்ணீர் ஊற்றினேன். குக்கரில் லோ, ஹை என்று இரண்டு நிலை, லோவில் ஆறு மணி நேரம். நடுநடுவே திறந்து பார்த்தேன். நிறையத் தடவை, ஒத்துக்கொள்கிறேன்.

இறைச்சியை வெட்டவே கத்தி கேட்டது. வாயில் போட்டால் தேங்காய் நார். கேரட் பாதி வேக்காடு. கிரேவி என்று சொல்ல ஒன்றுமில்லை, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. உருளைக்கிழங்கு அதைவிட மோசம். சிவப்புத் தோல் கிழங்கை வேகவைத்து, ஃபிரிட்ஜ் பாலை ஊற்றி மிக்ஸியில் ஒரு சுற்று விட்டேன். கரண்டியைத் தூக்கினால் மொத்தமும் கூடவே எழுந்து வருகிறது. சுவரொட்டி ஒட்டலாம். வீட்டுக்காரர் ஒன்றுமே சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார், அதுதான் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்யப்போகிறேன். பாட்டியிடமே கேளுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நாலுவிசில்:

பிரஷர் குக்கர் எதற்கு இருக்கிறது? நாலு விசில், வேலை முடிந்தது. பத்து மணி நேரம் கரண்டு பில் ஏற்றுவானேன்.

பெரியஅண்டா:

விசிலை அப்புறம் பார்ப்போம். தங்கச்சி, இறைச்சிப் பாக்கெட்டில் ஒட்டியிருந்த சீட்டில் என்ன பெயர் போட்டிருந்தது?

(நான் மினசோட்டாவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். வாரம் ஒரு நாள் பாட் ரோஸ்ட்தான். பல் இல்லாதவர்களும் சாப்பிட்டாக வேண்டும்.)

நாஞ்சில்_ஒஹாயோ:

குப்பையில் தேடி எடுத்தேன் அண்ணா. "ஐ ஆஃப் ரவுண்ட் ரோஸ்ட்".

பெரியஅண்டா:

நினைத்தேன். கொழுப்பே இல்லாமல் உருண்டையாக, பார்க்க லட்சணமாக இருந்திருக்கும். அது பின்னந்தொடை. அதில் கொழுப்பும் கம்மி, ஜவ்வும் கம்மி. மெல்லிசாக வெட்டிச் சாப்பிட நல்ல கறி, ஆனால் இப்படி மணிக்கணக்கில் வேகவைத்தால் சாறு போய்ச் சக்கைதான் மிஞ்சும். நாலு விசில் விட்டாலும் அதே கதி.

உங்களுக்கு வேண்டியது "சக் ரோஸ்ட்". தோள்பட்டைக் கறி. பார்க்க அழகாக இருக்காது, வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு ஓடும், நடுவில் ஜவ்வு தெரியும். அதுதான் விஷயமே. ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டிப்படுகிறதே, அந்தப் பசை ஜவ்விலிருந்துதான் வருகிறது. சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஜவ்வு மெதுவாகக் கரைய ஆரம்பிக்கும். துண்டின் நடுப்பகுதி 90 முதல் 96 வரை போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால்தான் கரண்டிக்கு உதிரும். இந்த ஊர் வெப்பமானியில் 195 முதல் 205 பாரன்ஹீட். இதில் ஒரு வேடிக்கை உண்டு: சக் ரோஸ்ட் ஆறு மணி நேரத்தில் கல்லாக இருந்தால் அது அதிகம் வெந்ததில்லை, இன்னும் வேகவில்லை. பயந்துபோய் எடுத்துவிடாதீர்கள், விட்டு வையுங்கள். மூன்று பவுண்டுத் துண்டுக்கு லோவில் எட்டு ஒன்பது மணி நேரம் கணக்கு.

லோ என்றால் சூடு கம்மி, ஹை என்றால் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான குக்கர்களில் இரண்டும் கடைசியில் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வந்துதான் நிற்கும். அங்கே போய்ச் சேர எடுக்கும் நேரம்தான் வேறு. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷமாவது பின்னால் போகிறது. நீங்கள் எத்தனை தடவை திறந்தீர்கள் என்று கேட்க மாட்டேன்.

தண்ணீர் ஒரு கப் போதும். கறியே சாறு விடும், மூடிய பாத்திரத்தில் எதுவும் வற்றாது. கேரட்டை அடியில் போடுங்கள், கறி அதன் மேல் உட்காரட்டும். கறியைவிடக் கேரட்தான் இதில் மெதுவாக வேகும். தக்காளியும் வேண்டாம். சாம்பாரில் காய் வேகும் முன்னே புளியை விட்டால் காய் முறைத்துக்கொண்டு நிற்குமே, அதே கதைதான்.

ஒன்று விட்டுப்போச்சு. குக்கரில் வைக்கும் முன் கறியைத் துணியால் ஈரம் போக ஒற்றி, இரும்புச் சட்டி புகையும் சூட்டில் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு பக்கமும் நாலு நிமிஷம் அசைக்காமல் வைத்து நன்றாகச் சிவக்க விடுங்கள். ஸ்லோ குக்கருக்குள் எதுவும் சிவக்காது. அந்த நிறமும் வாசனையும் இங்கேதான் கிடைக்கும். சட்டியில் ஒட்டியதை அரை கப் தண்ணீர் விட்டுச் சுரண்டி அதையும் குக்கரில் ஊற்றுங்கள். அந்த ஒரு கப் கணக்கில் இதுவும் சேர்த்திதான்.

நாலுவிசில்:

சரி, சக் ரோஸ்ட்டாக இருந்தால் பிரஷர் குக்கரில் வேகுமா வேகாதா?

பெரியஅண்டா:

வேகும். ஆனால் நாலு விசிலில் இல்லை, முழுத் துண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் கையில் ஸ்லோ குக்கர் இருக்கிறது, இரவு வைத்துவிட்டுத் தூங்கலாம். அந்தச் சாதனம் பிறந்ததே அதற்குத்தான். இர்விங் நாக்சன் என்ற யூதர் 1940இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். லித்துவேனியாவில் யூதர்கள் சப்பாத் என்ற ஓய்வு நாளுக்கு முந்தின சாயங்காலமே சோலண்ட் என்ற குழம்புப் பானையை அடுமனை அடுப்பில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்களாம். அவருடைய அம்மா சொன்ன அந்தக் கதைதான் வித்து.

ஸ்கார்பரோ_அக்கா:

தங்கச்சி, கிழங்குக்கு நான் வாறேன். மிக்ஸியை முதலில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கோ. கிழங்குக்குள் இருக்கிற மாச்சத்து பிளேடு பட்டு உடைந்து வெளியில் வந்தால் பசைதான். அதைத் திருப்பி எடுக்க ஏலாது.

சிவப்புத் தோல் கிழங்கு கறிக்கு நல்லது, கரையாது. மசிக்க ரசட் என்கிற மாக்கிழங்கு வேணும், இல்லையென்றால் யூகோன் கோல்ட். எனக்கு இரண்டாவதுதான் விருப்பம், பட்டர் போடாமலே பட்டர் நிறம். (எங்கட ஒன்டாரியோவில், குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கின கிழங்கு. 1980இல் வெளியில் விட்டவை. பெருமைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைதான்.)

இரண்டு பவுண்டு கிழங்கைத் தோல் சீவிப் பெரிய துண்டாக வெட்டி, பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு அடுப்பில் வையுங்கோ. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் கரைந்துபோகும், உள்ளுக்குள் வேகாமல் இருக்கும். வெந்ததும் வடித்துப்போட்டு, அதே சட்டியில் திரும்பப் போட்டு, சின்ன நெருப்பில் ஒரு நிமிஷம் குலுக்குங்கோ. ஆவி போகப் போகக் கிழங்கின் விளிம்பெல்லாம் வெள்ளையாக மாப்பூத்து வரும். அதுதான் பதம். அந்தச் சூட்டோடு கையால் மசியுங்கோ. முதலில் ஆறு மேசைக்கரண்டி பட்டர், அது முழுக்கக் கலந்த பிறகு சூடாக்கின பால் அரைக் கப், கொஞ்சம் கொஞ்சமாக. கிரீம் இருந்தால் பாதிப் பால், பாதிக் கிரீம். குளிர்ந்த பால் விட்டால் கிழங்கும் குளிர்ந்துபோகும், பட்டரும் இறுகிவிடும். வடிவாகக் கலந்ததும் கையை எடுத்துவிடுங்கோ, சும்மா போட்டுக் கிண்டக்கூடாது.

பழைய பசையை எறியாதேங்கோ. மீன் டின் ஒன்று உடைத்துப் போட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு சேர்த்து உருட்டி, முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்தால் கட்லட்.

நாஞ்சில்_ஒஹாயோ:

அக்கா, கட்லட் இப்போதே செய்கிறேன். அந்த நார்க் கறியை என்ன செய்ய? அப்புறம், சக் ரோஸ்ட் வாங்கி ஃப்ரீசரில் போட்டுவிட்டேன். அப்படியே குக்கரில் வைக்கலாமா?

பெரியஅண்டா:

வைக்கவே கூடாது. ஐஸ் கட்டியாக உள்ளே போனால் 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் மணிக்கணக்கில் கிடக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. இன்றைக்கே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், முழுதாக இளக ஒரு நாளுக்கு மேல் ஆகும். (இந்தக் குக்கரில் ஊறவைத்த ராஜ்மாவை நேராகப் போடுகிறவர்கள் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகுதான். இல்லாவிட்டால் வயிறு கலங்கிவிடும்.)

நார்க் கறியை இழைக்குக் குறுக்கே பொடியாக நறுக்கி, தேங்காய்ப் பல்லும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வறுங்கள். நாஞ்சில்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா?

கிரேவிக்கு: கறியை எடுத்த பிறகு சாற்றை வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, அடுப்பில் கொதிக்க விடுங்கள். இரண்டு கப் சாற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி கார்ன் ஸ்டார்ச், பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். ஊரில் கார்ன்ஃப்ளார் என்று வாங்குவோமே, அது இங்கே கார்ன் ஸ்டார்ச். இங்கே கார்ன்ஃப்ளார் என்று கேட்டால் மக்காச்சோளத்தை அரைத்த மாவைக் கொடுத்துவிடுவார்கள். நானே முதல் வருஷம் ஒரு அண்டா கிரேவியைக் கூழாக்கியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைவிரதம்:

நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஆட்டில் வருமா?

பெரியஅண்டா:

வரும். தோள்பட்டையாகக் கேளுங்கள், எலும்போடு இருந்தால் இன்னும் நல்லது. கோழி நெஞ்சுக்கறியில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள்.

நாஞ்சில்_ஒஹாயோ:

திங்கட்கிழமை. சொல்லாமல் விட்டால் பாவம்.

சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு வைத்தேன். மூன்று பவுண்டு சக், அடியில் கேரட்டும் வெங்காயமும், தண்ணீர் ஒரு கப். மூடிமேல் "தொடாதே" என்று ஒரு காகிதம் ஒட்டினேன், எனக்கேதான். காலை எட்டு மணிக்கு 203 பாரன்ஹீட் காட்டியது. இடுக்கியால் தூக்கினேன், பாதிதான் மேலே வந்தது, மீதி பொத்தென்று உள்ளே விழுந்துவிட்டது. என் வாழ்க்கையில் ஒரு பொருள் உடைந்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பாத்திரத்தில் கிழங்கைப் பரப்பி, மேலே கறி, கிரேவி. பாட்டி வாசலிலேயே அலுமினியத் தாளைப் பிரித்து, விரலால் கிழங்கைத் தொட்டு நக்கிப் பார்த்தார். "யூகோன் கோல்டா?" என்றார். அக்கா, அந்த மார்க் உங்களுக்கு. அப்புறம் தன் பக்குவத்தை அவராகவே சொன்னார். கறியைச் சிவக்க வைப்பதெல்லாம் கிடையாதாம். கடையில் வாங்கின வெங்காய சூப் பொடிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் கறிமேல் கொட்டி மூடிவிடுவாராம், அவ்வளவுதான். நாற்பது வருஷமாக.

எனக்கோ சட்டி புகைந்து, வீட்டுப் புகை அலாரம் இரண்டு தடவை அடித்தது.

பெரியஅண்டா:

அந்தப் பொட்டலம் போட்டால் உப்புப் பக்கமே போகாதீர்கள், அதிலேயே தாராளமாக இருக்கும்.

நாலுவிசில்:

பொட்டலம் எந்தக் கடையில்?