பந்தற்சிலந்தியா, கூடாரச் சிலந்தியா? சிர்ட்டோபோராவுக்கு ஒரு தமிழ்ப்பெயர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூர் ஞாயிறு வகுப்புக்கான சிலந்திக் கையேடு வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். சிர்ட்டோபோரா (Cyrtophora) என்ற சிலந்திப் பேரினம் மட்டும் தமிழ்ப்பெயர் முடிவாகாமல் நாலு நாளாக நிற்கிறது. நேற்றிரவு வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு மடல் இப்படி:

> கூடாரச் சிலந்தி என்றே விடுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும்.

புரியும், சரி. ஆனால் கூடாரம் என்றதும் சுற்றிலும் மூடியது என்றுதான் பிள்ளை நினைக்கும். இந்த வலை அப்படி இல்லை. மற்ற பல சக்கரவலைச் சிலந்திகள் செங்குத்தாகக் கட்டும் வலையை இது படுக்கையாக விரித்து, நடுவை மட்டும் மேலே இழுத்துக் குவித்து, அந்தக் குவட்டின் அடியில் தலைகீழாகத் தொங்குகிறது. மேலேயும் கீழேயும் தாறுமாறாக நூல்கள். பறந்து வரும் பூச்சி மேல்நூலில் மோதிக் கீழே விரிப்பில் விழ, அடியிலிருந்து பிடித்துக்கொள்கிறது. பசையே கிடையாது. போன மாதம் எங்கள் தெருக் கள்ளிவேலியில் ஒரு சிறுமி விரல் வைத்துப் பார்த்து, "ஒட்டவே இல்லை அக்கா" என்றாள். முட்டைப்பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மாலைபோல் தொங்கின. பிறகு அவளே சொன்னாள்: "சப்பரம் மாதிரி இருக்கு."

கன்னடத்தில் கல்யாணப் பந்தலுக்குச் சப்பர என்பார்கள், அவள் காதில் விழுந்தது அது. தமிழில் சப்பரம் சாமி புறப்பாட்டுக்கு ஆகிவிட்டதால் அதை எடுக்க முடியாது. ஆனால் பந்தல் இருக்கிறதே! நாலு கால், மேலே விரிப்பு, பக்கமெல்லாம் திறப்பு. என் முன்மொழிவு பந்தற்சிலந்தி.

ஜாலஹள்ளி ஐயா விதானச் சிலந்தி (விதானம் என்றால் மேலே கட்டும் துணி) என்கிறார், திருவானைக்காவைச் சான்று காட்டுகிறார். சிவலிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி நூற்பந்தர் இழைத்ததும், யானை அதை அழித்ததும், அந்தச் சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்ததும் எனக்கும் உயிரான கதைதான். தரைக்கு இணையாக வலை விரிக்கும் சிலந்தியை நம்மவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்றே நம்புகிறேன். ஆனாலும் விதானம் வடசொல், அதோடு பிள்ளைகள் கேட்டறியாத சொல். மேற்கட்டி தமிழ்தான், ஆனால் இந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு அதுவும் எட்டாது.

பந்தர்தான் மூலம், பந்தல் பிற்கால வடிவம் என்று மூன்று மடல்கள். சாம்பர், சாம்பல் போலக் கடைப்போலி, அதாவது கடைசி எழுத்து மாறியும் பொருள் மாறாத சொல் என்று பள்ளியிலேயே படித்ததை இவ்வளவு நீட்ட வேண்டாம். புணர்ச்சிதான் எனக்குக் கவலை. பந்தற்சிலந்தி என்று அச்சிட்டால் ஏழு வயதுப் பிள்ளை திக்கும், பந்தல் சிலந்தி என்று பிரித்தால் இலக்கணம் அறிந்தவர் முகம் சுளிப்பார். நான் புணர்த்தே எழுதுவேன். கடற்கரையைப் படிக்கும் பிள்ளை இதையும் படிக்கும்.

சிற்றினங்கள்: சிட்ரிகோலா, எலுமிச்சைப் பந்தற்சிலந்தி. சிக்கட்ரோசா, தழும்புப் பந்தற்சிலந்தி. மொலுக்கென்சிஸ் இடப்பெயர், மொலுக்கா என்றே இருக்கட்டும்.

ஜாலஹள்ளியிலிருந்து:

அம்மா, விதானத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் 1864இல் பிரெஞ்சுச் சிலந்தி ஆய்வாளர் சிமோன் வைத்த சிர்ட்டோபோரா என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் கூனலைச் சுமப்பது என்று பொருள். வயிற்றின் மேல் மேடுகள் தெரிகிறதே, திமிற்சிலந்தி என்பதல்லவா நேர்மையான பெயர்? வலையை வைத்துப் பெயரிட்டால், வலையில் இல்லாதபோது பிள்ளை எப்படி அடையாளம் காணும்?

மறுமொழி:

ஐயா, உங்கள் கேள்வி நியாயம், எனக்கு நல்ல விடை இல்லை. ஆனால் பிள்ளைகள் இதை வலையில்தான் பார்க்கிறார்கள். மற்ற பல சக்கரவலைச் சிலந்திகள் நாள்தோறும் வலையைப் பிரித்துக் கட்டும்போது, இது மழைக்கும் தாங்கும் ஒரே பந்தலில் நாள்கணக்கில் குடியிருக்கிறது. இதுவரை பந்தலுக்கு ஆறு பேர், கூடாரத்துக்கு மூவர், திமிலுக்கு நீங்கள் ஒருவர். வெள்ளி மதியம் வரை பார்க்கிறேன். திமிலை அடைப்புக்குறிக்குள் சேர்க்க ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.