மோனோபாட் கால் நிற்காமல் இறங்குகிறது

நண்பர்களே, என் கார்பன் ஃபைபர் மோனோபாடின் (கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் ஸ்டாண்டு) கடைசி இரண்டு பகுதிகள் எவ்வளவு இறுக்கினாலும் மெல்ல உள்ளே இறங்குகின்றன. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களாக மொத்தம் ஐந்து பகுதி, திருகி இறுக்கும் லாக். கேமராவும் லென்ஸும் சேர்ந்து 2 கிலோவுக்குச் சற்று மேல். போன மாதம் தனுஷ்கோடியில், மணலும் உப்புத் தண்ணீருமாக நின்று பூநாரை படமெடுத்த பிறகுதான் இந்தப் பிரச்சினை. புகைப்படத்துக்கு எப்படியோ சமாளிக்கலாம். வீடியோவில் ஃபிரேமே தாழ்ந்துகொண்டு போகிறது, பொறுக்க முடியவில்லை.

முழுவதும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மரையை பிரஷ்ஷால் தேய்த்தும் பார்த்துவிட்டேன். உள்ளே குழாயைக் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் தேய்ந்து வழவழவென்று இருக்கின்றன. கிரீஸ் போடச் சொன்னார்கள். பட்டையில் பட்டால் பிடிப்பே போய்விடும் என்பதால் போடவில்லை. வாரன்டி முடிந்துவிட்டது, வாங்கிய கடையில் உதிரிபாகம் கிடையாதாம்.

குழாய்கள் 19, 16 மி.மீ. இந்த அளவுக்குப் பட்டை மதுரையிலோ சென்னையிலோ எங்கே கிடைக்கும்?