பழைய ஆக்டேவியா ஆர்எஸ்: புளோ-ஆஃப் வால்வா, டைவர்ட்டர் வால்வா?

தக்கலைக்காரன்:
என்னிடம் இருப்பது 2005 ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல். காவல்கிணறு நாலுவழிச் சாலையில் மூணாவது கியரில் நன்றாக மிதித்து நாலுக்கு மாற்றினால் பழைய இழுவை வர நேரமாகிறது, பூஸ்ட்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) முன்புபோல் ஏறுவதில்லை. நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். டர்போவில் மிஞ்சும் காற்றை உள்ளேயே திருப்பிவிடுகிற டைவர்ட்டரை எடுத்துவிட்டு, அந்தக் காற்றை வெளியே விடுகிற புளோ-ஆஃப் வால்வு போடலாம், சத்தமும் கும்மென்று இருக்கும் என்றார்கள். சத்தம் எனக்கும் பிடிக்கும், ஆனால் வண்டி கெட்டுவிடக் கூடாது. எதை வாங்கலாம் அண்ணன்மாரே?

வடசேரி அண்ணாச்சி:
தம்பி, இந்த வண்டிக்கு டைவர்ட்டர்தான். ஏர் பில்டரை ஒட்டியே உள்ளே போகிற காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃபுளோ சென்சார் இருக்கிறது. அது சொன்ன கணக்குக்கு ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோல் விடுகிற நேரத்தில், அளந்த காற்றை நீ வெளியே விட்டால் கலவையில் பெட்ரோல் கூடிப்போகும். கியர் மாற்றும்போது குலுங்கும், கரும்புகை வரும், சிக்னலில் நிற்கும்போது ஆஃப்கூட ஆகலாம், நாளடைவில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் கேடு. டைவர்ட்டர் அதே காற்றைத் திரும்ப கம்ப்ரசருக்கு (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) முன்னால் கொண்டுபோய் விடுகிறது, கணக்குப் பிசகாது.

வாங்குவதற்கு முன் இருக்கிறதைக் கழற்றிப் பார். உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் அமுக்கி, சின்ன வேக்குவம் முனையை இன்னொரு விரலால் அடைத்துக்கொண்டு, அமுக்கிய விரலை எடு. பிஸ்டன் அப்படியே நின்றால் டயாஃபிரம் (வால்வுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) நல்லது. சட்டென்று திரும்பினால் கிழிந்திருக்கிறது, பூஸ்ட் அந்த வழியாகத்தான் ஒழுகுகிறது.

குளச்சல் டீசல்:
இடையில் கேட்கிறேன், என் ஸ்விஃப்ட் டீசலுக்கு இது போடலாமா?

வடசேரி அண்ணாச்சி:
வேண்டாம் மக்கா. பெட்ரோலில் காலை எடுத்ததும் த்ராட்டில் (காற்று வழியில் இருக்கும் மூடி) மூடும், வேகமாக வந்த காற்று அதில் முட்டி கம்ப்ரசர் பக்கம் திரும்பி அடிக்கும், அதைத் தணிக்கத்தான் இந்த வால்வே. டீசலில் காலை எடுத்தால் குறைவது டீசல்தான், காற்று வழி அப்படி அடைபடுவதில்லை. டீசலுக்கென்று விற்கிற கிட் எல்லாம் சத்தத்துக்கு மட்டும்.

மார்த்தாண்டம் மெக்கானிக்:
அண்ணாச்சி சொன்னது இந்த வண்டிக்குச் சரி. ஆனால் புளோ-ஆஃப் என்றாலே கெடுதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்ஜினுக்குள் காற்று போகும் மானிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சாரை மட்டும் நம்பி ஓடும் வண்டிகளில் காற்றை வெளியே விட்டாலும் கலவை கெடாது. அங்கே கவனிக்க வேண்டியது ஸ்பிரிங். ரொம்ப மெல்லிசாக இருந்தால் ஐடிலிலேயே திறந்து பில்டரில் வராத காற்றை உள்ளே இழுக்கும், களியக்காவிளை ரோட்டில் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் ஊர்கிற நமக்கு அது ஆகவே ஆகாது. ரொம்ப கட்டியாக இருந்தால் சரியாகத் திறக்காது, காலை எடுக்கும்போது டுடுடு என்று கேட்கும், டர்போ பேரிங்தான் அடி வாங்கும். அப்புறம், சத்தம் கூடினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் வழக்கு வரும் என்பதும் மனதில் இருக்கட்டும்.

தக்கலைக்காரன்:
கழற்றிப் பார்த்தேன், பிஸ்டன் நிற்கவே இல்லை. வேக்குவம் டியூப் நுனியிலும் வெடிப்பு. கம்பெனியில் வந்த அதே போஷ் 710 என் வால்வுக்கே ஆர்டர் கொடுத்துவிட்டேன், ரொம்ப நன்றி அண்ணாச்சி.

வடசேரி அண்ணாச்சி:
நல்லது. டியூபையும் கிளாம்பையும் சேர்த்தே மாற்று, நம்ம ஊர் கடல்காற்றில் பழைய கிளாம்ப் துருப்பிடித்துப் பிடி விட்டிருக்கும். அதற்குப் பிறகும் பூஸ்ட் ஏறவில்லை என்றால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களுக்கு ஸ்மோக் டெஸ்ட் (புகை விட்டு ஒழுகலைக் கண்டுபிடிப்பது) செய்யச் சொல். அது முடியும்வரை டர்போவில் யாரையும் கை வைக்க விடாதே.